காலக்கெடுவும் கடப்பாடும்

கூட்டாகத் தொழில் புரிவோர் ஒரு செயற்றிட்டத்தைக் குறித்த தினத்துள் முடிக்க, அவர்களுக்குத் துணைபுரிவது எங்ஙனம்? முகாமைத்துவ நூல்கள் இதனை உத்தி பற்றிய வினாவாகவே நோக்குகின்றன. அட்டவணை, வாராந்தக் கூட்டம், மேற்பார்வை என்பன அவை தரும் விடைகள். அடிப்படையில் இஃது ஓர் அறவியல் வினா என்பதே எமது கருத்தாகும்.

காலக்கெடு ஒரு வாக்குறுதி. ஆயின், பெரும்பாலும் அதனை அளிப்பவர் ஒருவர். அதற்காக உழைப்பவர் வேறொருவர். தாம் அளியாத வாக்கைக் காக்கும் கடப்பாடு உழைப்போர்க்கு எங்கிருந்து வருகின்றது? அத்தகைய கடப்பாடே இல்லை எனவும் தள்ளிவிட முடியாது. வாய்க்கால் திருத்தம் பிந்தினால் இடர்ப்படுபவர் திகதி குறித்த அதிகாரியல்லர். சிறுபோகத்துக்கு நீரை எதிர்பார்த்திருக்கும் கமக்காரரே.

திகதி நெருங்கியதும் மேலும் ஆட்களைச் சேர்ப்பது வழமையான உதவி. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓஎஸ்/360 பணிசெயல் முறைமையின் ஆக்கத்தை வழிநடத்திய பிரெடெரிக் புரூக்ஸ், பிந்திவிட்ட மென்பொருட் பணியை இது மேலும் பிந்தச் செய்யும் என 1975 இல் வெளியான தமது நூலில் வாதிட்டார். ஐவர் கொண்ட குழுவில் இருவர்க்கிடையிலான தொடர்புகள் 10, பதின்மராயின் 45. புதியவர்க்குக் கற்பிக்கும் பொறுப்பும் பழையவர் தலையிலேயே விழுகின்றது. நல்லெண்ணம் மட்டும் உதவியாகிவிடாது என்பதற்கு இது போதும்.

இதனினும் பாரதூரமானது, உண்மை கூறுவோரை மௌனிக்கச் செய்தல். 1986 ஜனவரி 27 இரவு, சலஞ்சர் விண்ணோடத்தின் ஊக்கி உந்துகணைகளை ஆக்கிய நிறுவனத்தின் பொறியியலாளர்கள், கடுங்குளிரில் இணைப்புகளை அடைக்கும் இறப்பர் வளையங்கள் நெகிழ்ச்சியிழக்கும் எனக் காட்டி, ஏவுதலைப் பின்போடுமாறு வேண்டினர். ஏவும் திகதி ஏற்கெனவே பன்முறை பின்போடப்பட்டிருந்தது. நாசா அலுவலர் அதிருப்தி தெரிவித்தனர். நிறுவனத்தின் முகாமையாளர்கள், பொறியியலாளரின் ஒப்புதலின்றியே பரிந்துரையை மாற்றினர். மறுநாள், புறப்பட்டு 73 செக்கனில் விண்ணோடம் சிதைந்தது, எழுவர் மாண்டனர். விசாரித்த ரோஜர்ஸ் ஆணைக்குழு, வளையத்தின் குறைபாட்டோடு தீர்மானம் எடுக்கப்பட்ட முறையின் குறைபாட்டையும் காரணமாகச் சுட்டியது.

அவ்விரவில் நிரூபிக்கும் பொறுப்பு இடம் மாறியமை மனங்கொள்ளத்தக்கது. ஏவுதல் பாதுகாப்பானது என்று நிறுவ வேண்டியிருக்க, அது பாதுகாப்பற்றது என்று நிறுவும்படி பொறியியலாளர் கேட்கப்பட்டனர். உயிராபத்து இல்லாத அலுவலகங்களிலும் இதுவே நிகழ்கின்றது. 'முடியும்' என்பவரிடம் எவரும் ஆதாரம் கேட்பதில்லை. 'முடியாது' என்பவரோ குற்றவாளிக் கூண்டில் நின்று பேச வேண்டியவராகிறார். தலைவர் குழுவிற்குச் செய்யக்கூடிய முதல் உதவி, இச்சுமையை மீண்டும் உரிய இடத்தில் வைப்பதாகும். கேட்பவர் முகஞ்சுளிப்பாராயின், தாமதம் பற்றிய செய்தி கடைசி வாரத்திலேயே அவரை எட்டும். அப்போது திகதியையோ பணியின் அளவையோ மாற்ற அவகாசம் இராது.

குழுவினர் மீதும் பழியுண்டு. இயலாதென அறிந்தும் 'ஆகும்' எனத் தலையசைப்பதைப் பணிவு என்கிறோம். பொய் என்பதே பொருத்தம். ஆனால் பதவி இழக்க நேரும் இளநிலை ஊழியரின் பொய்யையும், எதனையும் இழக்காத மேலாளரின் செவிடையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது.

இக்கட்டுரையை எப்போது தருவீர் என இதழாசிரியர் வினவியபோது, இரு வாரத்தில் என்றேன். ஆறு வாரம் செல்லும் என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. அவரோ முகஞ்சுளிப்பவருமல்லர்.