கடைசியில் தொட வேண்டியது

1969 முதல் 1973 வரையான மாடல் போர்ஷே 911எஸ் காரில் கார்புரேட்டர் கிடையாது. கம்ப்யூட்டரும் கிடையாது. ஆறு சிலிண்டருக்கும் எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் என்று முடிவு செய்வது பாஷ் செய்த ஒரு பம்ப். இரண்டு வரிசையில் மும்மூன்றாக ஆறு பிளஞ்சர்கள். கேம்ஷாஃப்டில் இருந்து வரும் ஒரு பல் பெல்ட் அதைச் சுற்றுகிறது. உள்ளே மேடும் பள்ளமுமாகக் கடைந்த ஓர் உலோகத் துண்டு இருக்கிறது, ஸ்பேஸ் கேம் என்று பெயர். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது திரும்பும். இன்ஜின் வேகம் கூடினால் கவர்னர் அதை நீளவாக்கில் தள்ளும். அதன் மேல் ஒரு சின்ன உருளை ஊர்ந்து, அந்த இடத்தின் உயரத்தைத் தடவிப் பார்த்து, பெட்ரோலின் அளவை மாற்றும். எங்கள் பாஷையில் இரண்டு இன்புட் உள்ள லுக்-அப் டேபிள். என்ன, எடிட் பண்ண முடியாது.

போர்ஷே வாங்குகிற ஆள் இல்லை நான். இ.எம்.ஐ. முடியாத ஒரு ஹேட்ச்பேக்தான் இருக்கிறது. தூக்கம் வராத இரவுகளில் இந்தப் பம்பைப் பிரித்துச் சேர்க்கும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்து, அது பழக்கமாகிவிட்டது.

பிரிப்பவர்களிடம் ஒரு நிதானம் இருக்கும். வருடக்கணக்கில் நின்ற காரில் பெட்ரோல் பிசினாகி, பிளஞ்சர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மெல்ல ஊறவைத்து எடுக்க வேண்டும். எடுத்ததைக் கலந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பிளஞ்சரும் அதனதன் பேரலோடு சேர்த்து இழைத்த ஜோடி, இடைவெளி மைக்ரான் கணக்கில். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் ஒன்று இறுகும், இல்லையென்றால் ஒழுகும். (நம் ஊர் லாரி டீசல் பம்ப் கடைகளில் இதே மாதிரி ஜோடியை எலிமெண்ட் என்பார்கள். பாஷின் டீசல் பம்புதான் இதற்கும் மூதாதை.) பிறகு சோதனை மேசையில் பம்பை ஏற்றிச் சுழற்றி, ஆறு கண்ணாடிக் குழாய்களில் விழும் அளவு ஒன்றுபோல வரும்வரை உட்கார வேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு இந்த வேலை ஆகாது.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது பம்பைவிட ஒரு சின்னக் கையேடு. இந்த இன்ஜெக்‌ஷனுக்காகப் போர்ஷே தன் மெக்கானிக்குகளுக்குக் கொடுத்தது. தலைப்பே மூன்று வினைச்சொற்கள்: சோதி, அள, சரிசெய். கம்ப்ரெஷன் பார், வால்வு இடைவெளி பார், இக்னிஷன் பார், திராட்டில் கம்பிகளின் நீளம் பார். எல்லாம் சரியாக இருந்து, புகையை அளந்தும் பார்த்த பிறகுதான் பம்பின் திருகில் கை வைக்கலாம்.

எதற்கு இவ்வளவு கெடுபிடி? ஒரு உதாரணம். இன்ஜின் குளிராக இருக்கும்போது பம்ப் கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் கொடுக்கும். சூடாகிவிட்டது என்று அதற்குத் தெரிவிப்பது எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருந்து வெந்நக்காற்றைக் கொண்டுவரும் ஒரு குழாய். ஐம்பது வருடத்தில் அந்தக் குழாய் கிழிந்து எங்கேயோ விழுந்துபோயிருக்கும். பம்புக்கு எப்போதும் மார்கழிதான். கறுப்புப் புகை வரும். உரிமையாளர் "பம்ப் போச்சு" என்பார். யாரோ திருகைப் பிடித்து அளவைக் குறைப்பார்கள், புகையும் குறையும். பின்னால் ஒரு நாள் இன்னொருவர் அந்தக் குழாயைப் பொருத்தினால் கலவை மெலிந்து பிஸ்டன் வரை சேதம்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. திருகைத் தொடும்வரை பம்ப் நன்றாகத்தான் இருந்தது. தொட்ட பிறகு அது உண்மையிலேயே கெட்டுவிட்டது, பழைய அளவு எதுவென்று இனி யாருக்கும் தெரியாது. ஆக, பழி சொன்னவர் சொன்னது நிஜமாகிவிடுகிறது. வீட்டில் நகை காணோம் என்றதும் வேலைக்கார அம்மாவின் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். நகை பீரோவுக்குப் பின்னால் கிடைத்தாலும் அந்த அம்மா மறுநாளில் இருந்து வேறு மாதிரிதான் வருவார், அல்லது வரமாட்டார். "பாத்தியா, அப்பவே சொன்னேன்ல" என்று அதற்கும் ஒரு வசனம் வைத்திருப்பார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், ஒரு நள்ளிரவில் பேமெண்ட் சர்வீஸ் விழுந்தது. கோடை எழுதியவர் யார் என்று காட்டும் கமாண்டுக்கு எங்கள் துறையில் 'கிட் பிளேம்' என்றே பெயர், பழி. அடித்தேன். வேலையை விட்டுப் போயிருந்த ஒரு சீனியரின் பெயர் வந்தது. யாருக்கும் புரியாத கோடு. விடிவதற்குள் மூன்று இடத்தில் ஒட்டுப்போட்டேன். ஒரு வாரம் கழித்துதான் நிஜக் காரணம் தெரிந்தது. இரண்டு நாள் முன்பு எங்கள் டீமே ஒரு டைம்-அவுட்டை 30 நொடியில் இருந்து 3 ஆக மாற்றியிருந்தது. அதை அப்ரூவ் செய்தது நான்.

ரிப்போர்ட்டைத் திருத்தினேன். என் தவறு என்றே எழுதினேன். ஆனால் அந்த ஒரு வாரத்தின் நடுவில், டீ குடிக்கும்போது மேனேஜர் கேட்டிருந்தார்: "அவர் திரும்ப வர்றேன்னு அப்ளை பண்ணியிருக்கார். அவர் கோடு எப்படி?" "கொஞ்சம் யோசிச்சுக்கங்க சார்" என்றேன். இது எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை. அவரை எடுக்கவில்லை. என் வார்த்தையால்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சர்வர் விழுந்துகிடக்கும்போது கையேடு படித்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயம்தான். பம்ப் நிஜமாகவே கெட்டிருக்கும் காரும் நிறைய உண்டு. சந்தேகப்படுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இரவில் நான் அவசரத்தால் அவர் கோடை முதலில் திறக்கவில்லை. என் கோடைத் திறந்தால் என்ன கிடைக்குமோ என்ற பயம் ஒரு ஓரத்தில் இருந்தது. தெரியாமல் செய்வதை அறியாமை என்று விட்டுவிடலாம், இது அப்படியில்லை. ஊரைவிட்டுப் போனவனும் பேசத் தெரியாத பம்பும் பதில் சொல்லப்போவதில்லை என்பது நமக்கு நன்றாகவே தெரியும்.

போன வாரம் பார்த்த வீடியோவில், சரிசெய்து வந்த பம்பைப் பொருத்தி ஒருவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. சூடான பிறகும் கறுப்புப் புகை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்ப் படுத்தார்.