வாயில்லா ஜீவன்களுக்குப் பட்ட கடன்

இல்லறத்தான் வீட்டில் அன்றாடம் ஐந்து இடங்களில் அவனை அறியாமலேயே உயிர்க்கொலை நிகழ்கிறது என்கின்றன தர்ம சாஸ்திரங்கள். அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம் ஆகியவையே அந்த ஐந்து. அடுப்பு மூட்டுபவருக்கு எறும்பின்மீது பகை இல்லை. ஆயினும் இதற்குப் பிராயச்சித்தமாக நாள்தோறும் ஐந்து யஜ்ஞங்களைச் செய்யுமாறு சாஸ்திரம் விதித்தது. பிற உயிர்களுக்கு உணவிடும் பூத யஜ்ஞம் அவற்றுள் ஒன்று. 'வேண்டுமென்று செய்யவில்லை' என்ற சமாதானத்தை சாஸ்திரம் ஏற்கவில்லை.

ஓர் அடுப்பங்கரைக்கே இத்தனை பொறுப்பு என்றால், ஒரு போர்க்களத்திற்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

பகையில்லாத கொலை

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக எல்லையில் இருக்கிறது அத்திபெலே. லாரிகள் ஓயாமல் கடந்து செல்லும் இவ்வூருக்கு இருபுறமும் இருந்த கோட்டைகள் 1791-ஆம் ஆண்டின் மைசூர்ப் போரில் வீழ்ந்தன. மார்ச் மாதம் காரன்வாலிஸின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. ஜூலையில் ஓசூர் வீழ்ந்தது. இடையே மே மாதம் அப்படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிச் சென்றபோது, தீவனம் கிடைக்காதபடி வழியெங்கும் நிலம் பாழாக்கப்பட்டிருந்தது. பீரங்கி இழுத்த மாடுகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. இழுக்க மாடில்லாமல், காரன்வாலிஸ் தம் பெரும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், முற்றுகைக்கு வேண்டிய மரக்கட்டுகளுக்காக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் தோட்டத்து மரங்கள் வெட்டப்பட்டன.

வரலாறு இவற்றைப் போர்த் தந்திரம் என்றும் தளவாட இழப்பு என்றும் குறித்துக்கொண்டது. மேய்ச்சல் நிலத்தைப் பாழாக்கியவர்களுக்கும் மாடுகளை ஓட்டியவர்களுக்கும் அந்த மாடுகளோடு பகை இல்லை. பிற உயிர்களுக்குப் போர் இழைக்கும் தீங்கு பெரும்பாலும் இத்தகையதே.

சங்க காலத்தில் பகைவரின் காவல் மரத்தை வெட்டுவது வெற்றியின் அடையாளமாக இருந்தது. புறநானூற்றின் 57-ஆம் பாடலில் காரிக்கண்ணனார் என்ற புலவர் பாண்டியன் நன்மாறனிடம், பகைவர் நாட்டில் வேறு எது நேர்ந்தாலும் காவல் மரங்களை மட்டும் வெட்டாதிருக்குமாறு வேண்டுகிறார். அரசனின் யானைகளைக் கட்டும் தறியாக அம்மரங்கள் தாங்கமாட்டா என்பது அவர் சொல்லும் காரணம். போரை நிறுத்த அவரால் இயலவில்லை. அரசனுக்குப் புரியும் மொழியில் மரத்திற்காகப் பரிந்து பேசினார்.

பிறக்காத உயிரையும் தொடும் வினை

'மனிதர்களே மடியும்போது மரத்தையும் மிருகத்தையும் பற்றிய கவலை எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் போர் ஓய்ந்தபின் மனிதன் திரும்பி வந்து வாழ வேண்டியதும் அதே மண்ணில், அதே நீரை நம்பித்தான். மேலும், இத்தீங்கு போரோடு முடிவதில்லை.

ஆப்பிரிக்காவில் பெண் யானைகளுக்கும் தந்தம் உண்டு. மொசாம்பிக் நாட்டில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, கொரொங்கோசா காட்டு யானைகளில் பத்தில் ஒன்பது அழிந்தன. தந்தத்திற்காகக் கொல்லப்பட்டதால், தந்தமில்லாத பெண் யானைகளே அதிகம் தப்பின. போருக்கு முன் பெண் யானைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே தந்தமின்றி இருந்தது. போருக்குப் பின் பாதி அவ்வாறு இருந்தன என்கிறது 2021-இல் வெளியான ஓர் ஆய்வு. துப்பாக்கி ஓசையையே கேட்டிராத கன்றுகளின் உடலிலும் அந்தப் போரின் அடையாளம் தொடர்கிறது.

துப்பாக்கியைக் கீழே வைத்த கைகள்

அஸ்ஸாமின் மானஸ் சரணாலயம் 1985-இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் போடோ கிளர்ச்சி அப்பகுதியைச் சூழ்ந்தது. வனக்காவல் முகாம்கள் தாக்கப்பட்டன, காவலர்கள் கொல்லப்பட்டனர். காவலற்ற காட்டில் வேட்டையும் மரத் திருட்டும் பெருகின. சுமார் நூறு காண்டாமிருகங்கள் வாழ்ந்த காட்டில் ஒன்றுகூட எஞ்சவில்லை. 1992-இல் யுனெஸ்கோ மானஸை ஆபத்துக்குள்ளான இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

2003-இல் போடோ ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்பின் உள்ளூர் மக்களே காட்டைக் காக்க முன்வந்தனர். வேட்டையாடிப் பிழைத்தவர்கள் பலர் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ரோந்துப் பணியில் சேர்ந்தனர். காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்குத் தெரியும். கொல்வதற்குப் பயன்பட்ட அதே அறிவு காப்பதற்குப் பயன்பட்டது. 2008-இல் பொபிதோராவிலிருந்து காண்டாமிருகங்கள் கொண்டுவரப்பட்டன. அவ்வாறு வந்தவற்றிலும் சில வேட்டைக்குப் பலியாயின, முயற்சி நின்றுவிடவில்லை. 2011-இல் மானஸ் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

பிராயச்சித்தம் என்பதன் பொருள் இங்கே தெளிவாகிறது. குற்ற உணர்வில் குமைவதால் காடு தழைப்பதில்லை. தீங்கின் பக்கம் ஓடிய ஆற்றலைக் காவலின் பக்கம் திருப்புவதே பிராயச்சித்தம். மாண்ட நூறு காண்டாமிருகங்கள் மீளப்போவதில்லை. இன்று மேய்பவை வேறு உயிர்கள். ஆகவே கடன் முழுதும் தீர்ந்ததென்று எவரும் சொல்ல முடியாது. தீராத கடன் என்பதற்காகச் செலுத்தாமல் இருந்துவிடவும் முடியாது.

சமாதான ஒப்பந்தங்களில் மனிதர்கள் கையெழுத்திடுகிறார்கள்; காட்டின் சார்பில் கையெழுத்திட எவரும் இல்லை. எனவே, எரிந்த காட்டையும் கெட்ட நீரையும் சீராக்கும் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பது போரிட்டவர்களின் கடமை. உண்ணுமுன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கும் வழக்கம் இன்றும் பல இல்லங்களில் உண்டு. அந்த ஒரு பிடியில் அடங்கியிருக்கும் பொறுப்புணர்வு நாடுகளுக்கும் வர வேண்டும்.