மூலிகைப் பூச்சும் முயலின் கண்ணும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குச் சென்று திரும்பும் நம்மவர், மிளகும் அன்னாசியும் வாங்குவதோடு சீயக்காயையும் மூலிகைப் பொடிகளையும் வாங்கி வருவதுண்டு. மலைத்தேனை மட்டும் தொடாது வந்துவிடுவர். ‘செடியிலிருந்து வந்தது, ஆகவே கொலை கலவாதது, ஆகவே தீங்கற்றது’ என்னும் எண்ணம் நம் இல்லங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. கொலை கலவாமை ஒன்று, தீங்கின்மை மற்றொன்று. முன்னதிலிருந்து பின்னதை நாம் எவ்வாறு பெற்றோம்?

செடியும் ஓரறிவுடைய உயிரே என்பது நம் சமயத்தின் துணிபு. உயிராதலின் அது தன்னைக் காத்துக்கொள்ளவும் பொருள்களை ஆக்கிக்கொள்கிறது. சேங்கொட்டையின் சாறு பட்ட தோல் கொப்புளிப்பதை முதியோர் அறிவர். நலங்கு மாவில் சேர்க்கும் கார்போகரிசியில் சோராலென் என்னும் பொருள் உண்டு. அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் சிவந்து புண்ணாதலும் கூடும். சோற்றுக்கற்றாழையின் உட்சோறு குளிர்ச்சி தருவது. தோலுக்கடியில் ஊறும் மஞ்சள் பாலோ உறுத்துவது. பூச்சுகளில் சேரும் கற்றாழைச் சாற்றில் இம்மஞ்சள் பாலின் ஆந்த்ரகுவினோன்கள் பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேற்படலாகாது என அமெரிக்க அழகுசாதன உட்பொருள் மதிப்பாய்வுக் குழு 2007ஆம் ஆண்டில் வரையறுத்தது. பாட்டியார் இடித்த பொடியில் ஒரு சிட்டிகை இருந்த பொருள், ஆலையில் வடித்தெடுத்த சாற்றில் பன்மடங்கு செறிந்திருக்கவும் கூடும். ஆகவே சோதனை வேண்டும்.

அச்சோதனை நெடுங்காலம் எவ்வாறு நடந்தது? 1944ஆம் ஆண்டில் ஜான் டிரைஸ் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் துணைவரும் வகுத்த முறைப்படி, முயலின் ஒரு கண்ணில் பொருளை இட்டு, கண் சிவத்தலையும் புண்ணாதலையும் நாள்தோறும் குறித்தனர். மற்றொரு கண் ஒப்புநோக்க விடப்பட்டது. ஐயறிவுயிரின் கண் அது! செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்று கற்ற நாம், அப்பூச்சினை விலை கொடுத்து வாங்கிய நாளெல்லாம் எவ்விடத்தில் நின்றோம்?

நம் நாட்டில் அழகுசாதனப் பொருள்களுக்கான விலங்குச் சோதனை 2014 மே மாதம் விலக்கப்பட்டது. விலங்கின்மீது சோதித்தவற்றை இறக்குமதி செய்வதும் அவ்வாண்டு நவம்பரில் தடையுற்றது. இதனைக் கேட்டு நாம் மகிழ்ந்தோம். எனினும் ஐயம் முற்றும் நீங்கவில்லை. மாற்று முறைகளுள் ஒன்று, இறைச்சிக்கூடத்தில் வெட்டுண்ட மாட்டின் விழிப்படலத்தில் பொருளை இட்டுப் பார்ப்பது. உயிருள்ள விலங்கு அதில் துன்புறுவதில்லை என்பர். நம்மால் அதனை ஏற்க இயலாது. மனிதத் தோலணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து அடுக்காக்கி, அதன்மீது சோதிக்கும் முறையே நமக்கு உகந்தது. இம்முறைக்கு ஓஇசிடி நாடுகளின் அமைப்பு 2010ஆம் ஆண்டில் வழிகாட்டுநெறி வகுத்தது. ஆதலின் ‘விலங்குச் சோதனையற்றது’ என்னும் முத்திரையைக் கண்டவுடன் அமைதியுறாது, பின் எதனைக் கொண்டு சோதித்தீர் என்று எழுதிக் கேட்கும் உரிமை நமக்குண்டு.

நம்மவருள் சிலர் இப்போது வீட்டிலேயே குளியற்பொடி அரைத்து விற்கின்றனர். “நாங்கள் எவ்வுயிர்மீதும் சோதிப்பதில்லை” என்று பெருமையுடன் கூறுகின்றனர். எதன்மீதும் சோதியாத பொடி, முதன்முதல் வாங்குபவரின் குழந்தைமீது சோதிக்கப்படுகிறது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் பிரமாதத்தை, அஃதாவது விழிப்பின்மையை, முதற்கண் வைப்பது நாம் அறிந்ததே. சந்தையில் வாங்கிய வேர் எச்செடியின் வேர், பூஞ்சணம் பிடித்ததா, கார்போகரிசி எத்துணை சேர்ந்தது என்று பாராது பொட்டலம் கட்டுவது விழிப்பின்மையே அன்றோ? விற்பனைக்கு அழகுசாதனம் ஆக்குவோர் அரசின் உரிமம் பெறவேண்டும் என்பதையும் பலர் கருதுவதில்லை.

அரைத்தவர் முதலில் தம் முழங்கை மடிப்பில் சிறிது பூசி இரண்டு நாள் பார்க்கட்டும். ஒருவர் தோல் பொறுத்தது மற்றொருவர் தோலுக்கு உறுதியாகாதுதான். ஆயினும் முயலுக்கு முன்னரும் குழந்தைக்கு முன்னரும் நீட்டத்தக்க கை, அரைத்தவரின் கையே.