காயப்படுத்திய வசனத்தை யார் முதலில் வாசிப்பது?

ஹெப்ரோன் நகரில், ஏரோது மன்னன் காலத்துப் பெருங்கற்சுவர் சூழ்ந்த குகை ஒன்று இருக்கிறது. ஆபிரகாமும் சாராளும் அங்கே அடங்கியிருப்பதாக யூதர்களும் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் நம்புகிறார்கள். அந்த அடக்கத்தைச் சொல்லும் ஆதியாகமத்தின் 25ஆம் அதிகாரம், போகிற போக்கில் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறது. தகப்பனை அடக்கம் செய்தவர்கள் ஈசாக்கும் இஸ்மவேலும். வீட்டில் வளர்ந்த மகனும் வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட மகனும் ஒரே குழியின் ஓரத்தில் நின்றிருக்கிறார்கள்.

அதே இடத்தில், 1994 பிப்ரவரி 25 அன்று, ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை வைகறையில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் பாரூக் கோல்ட்ஸ்டைன் என்ற யூத மருத்துவன் சுட்டான். 29 பேர் இறந்தார்கள். அன்று யூதர்களுக்குப் பூரிம் பண்டிகை. யூத இனத்தையே அழிக்கத் திட்டமிட்ட ஆமானின் வீழ்ச்சியைக் கொண்டாடும் நாள் அது. ஆமான், இஸ்ரவேலரின் பழம்பகைவனான அமலேக்கின் வழிவந்தவன் என்பது மரபு. பூரிமுக்கு முந்தைய சனிக்கிழமை, அமலேக்கின் நினைவே இல்லாமல் துடைக்கச் சொல்லும் உபாகமப் பகுதியைத் தொழுகைக்கூடங்களில் வாசிப்பது ஆண்டுதோறும் நடப்பது. கொலை நடந்த நாளும் இடமும் வேதத்தோடு பிணைந்தவை என்பதை எந்த விளக்கத்தாலும் மறைக்க முடியாது. அதே நகரில் 1929 ஆகஸ்டில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். எருசலேமின் புனிதத் தலத்துக்கு ஆபத்து என்ற வதந்திதான் அந்தக் கும்பலைக் கிளப்பிவிட்டது. அன்று பல யூதர்களை ஒளித்துவைத்துக் காத்ததும் ஹெப்ரோனின் அரபுக் குடும்பங்களே.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, வேதங்களைச் சேர்ந்து வாசித்தால் புண் ஆறும் என்று சொல்வது நியாயமா? புண்ணுக்குக் காரணமான நூலையே நடுவில் வைத்து உட்காரச் சொல்லலாமா? அப்படி உட்கார்ந்தால், எந்தப் பக்கத்தைத் திறப்பது?

அப்படி உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில், தங்கள் பழைய நூல்களை மெய்யியலாளரும் தல்மூது அறிஞரும் கூடி வாசிக்கவேண்டும் என்று அமெரிக்க யூத அறிஞர்கள் சிலர் தொடங்கினார்கள். அதில் முன்னின்ற பீட்டர் ஓக்ஸ், ஆங்கிலிக்க இறையியலாளர்களான டேவிட் ஃபோர்டு, டேனியல் ஹார்டி ஆகியோருடன் சேர்ந்தபோது அது இரு சமயங்களின் வாசிப்பானது. பாசித் கோசுல் போன்ற இஸ்லாமிய அறிஞர்கள் வந்தபின் மூன்று சமயங்களுக்கும் உரியதாயிற்று. ‘ஸ்கிரிப்சுரல் ரீசனிங்’ என்ற பெயரில் பல்கலைக்கழகங்களில் வளர்ந்து, பிறகு ஊர்க் குழுக்களுக்கும் பரவியது. லண்டனின் பிஷப்ஸ்கேட் பகுதியில் உள்ள புனித எத்தல்பர்கா ஆலயம் 1993இல் ஐரிஷ் ஆயுதக்குழுவான ஐ.ஆர்.ஏ.வின் குண்டில் இடிந்து, 2002இல் நல்லிணக்க மையமாகத் திறக்கப்பட்டது. அதன் முற்றத்தில் நாடோடி அரபிகளின் கூடாரத்தைப் போல ஒன்றை அமைத்து, அதற்குள் இந்த வாசிப்பை நடத்தினார்கள்.

முறை எளிது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தோராவிலிருந்து ஒரு பகுதி, புதிய ஏற்பாட்டிலிருந்து ஒன்று, குர்ஆனிலிருந்து ஒன்று என அச்சடித்து எல்லார் கையிலும் கொடுப்பார்கள். யார் வேண்டுமானாலும் எந்த நூலைப் பற்றியும் கேட்கலாம். அந்த நூலுக்குரியவர் ‘இது எங்களுடையது, நீ பேசாதே’ என்று வாயை அடைக்கக் கூடாது. கடைசியில் ஒரே கருத்துக்கு வரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நம்மிடம் சமய வாதத்துக்கு நெடிய மரபு உண்டு; மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அங்கே எந்தக் கொள்கை நிற்கும், எது விழும் என்பதே கேள்வி. இந்த வட்டத்தில் அந்தக் கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குகிறார்கள்.

பலன் என்னவென்று பார்க்க இஸ்மவேலின் தாய் ஆகாரின் கதை போதும். இஸ்லாமியர்களுக்கு அவர் அன்னை ஹாஜரா. குர்ஆன் அவர் பெயரைச் சொல்வதில்லை. விளைச்சலற்ற பள்ளத்தாக்கில் தம் சந்ததியைக் குடியமர்த்தியதாக இப்ராஹீம் செய்யும் பிரார்த்தனைதான் அதில் உண்டு. மற்றதை ஹதீஸ் சொல்கிறது. தண்ணீர் தீர்ந்து குழந்தை துவள, ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே அந்தத் தாய் ஏழுமுறை ஓடினாள். ஸம்ஸம் ஊற்று பிறந்தது. ஹஜ்ஜுக்குப் போகும் ஒவ்வொருவரும் அவள் ஓடிய வழியில் இன்றும் நடக்கிறார்கள். ஆதியாகமத்திலோ அவள் எகிப்திய அடிமை. பிள்ளை சாவதைப் பார்க்கச் சகியாமல் அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுகிறாள். கடவுள் பிள்ளையின் குரலைக் கேட்கிறார்.

இந்தப் பகுதியை யூதர்கள் எப்போது வாசிக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அவர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் முதல் நாளில், தீர்ப்பின் நாளாகக் கருதப்படும் அன்று, தொழுகைக்கூடத்தில் இஸ்மவேலின் அழுகை வாசிக்கப்படுகிறது. அதையொட்டி ரபிகள் சொன்ன கதையும் உண்டு. இவனுடைய சந்ததி பின்னாளில் இஸ்ரவேலரைத் தாகத்தால் வதைக்கும், இவனுக்கா தண்ணீர் தருகிறீர் என்று தேவதூதர்கள் முறையிட்டார்கள். இந்த நேரத்தில் இவன் யார், குற்றவாளியா குற்றமற்றவனா என்று கடவுள் திருப்பிக் கேட்டார். குற்றமற்றவன் என்றார்கள். அப்படியானால் இப்போது இருக்கிறபடியேதான் இவனுக்குத் தீர்ப்பு என்றார் கடவுள். 13ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் ரம்பான், ஆகாரைக் கொடுமைப்படுத்தியது சாராள் செய்த பாவம், அதை அனுமதித்தது ஆபிரகாமின் பாவம் என்றே எழுதிவைத்தார். தங்கள் குலத்தாயைப் பற்றித் தங்கள் உரையாசிரியரே இப்படி எழுதியிருக்கிறார் என்பதை ஒரு யூதர் வாய்விட்டுச் சொல்ல, எதிரே இருக்கும் இஸ்லாமியர் கேட்கும்போது நடப்பதை வெறும் தகவல் பரிமாற்றம் என்று சொல்லிவிட முடியாது. இஸ்லாமிய மரபும் அப்படியொரு திறந்த பக்கத்தைக் காட்டும். இப்ராஹீம் பலியிடத் துணிந்த மகன் யாரென்று குர்ஆன் பெயர் குறிப்பதில்லை. இஸ்மாயீல் என்பதே இன்று பெரும்பான்மை நம்பிக்கை. ஆனால் பேருரையாசிரியர் தபரி இஸ்ஹாக் என்றே கருதினார்.

ஆனால் அந்த அச்சிட்ட தாளில் மூன்றாவது பகுதி ஒன்றும் இருக்குமே. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுல், ஆகாரை அடிமைத்தனத்தின் உருவகமாக்குகிறார். சீனாய் மலையையும் தம் காலத்து எருசலேமையும் அவளோடு சேர்க்கிறார். அடிமைப்பெண் துரத்தப்படவேண்டியவள் என்ற பழைய வரி அங்கே மீண்டும் வருகிறது. ஹாஜராவின் வழியில் நடந்துவந்த ஒருவர் இதைக் கேட்கவேண்டும். சீனாயில் தோராவைப் பெற்றதாக நம்பும் ஒருவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும். இனிய கதை என்று நம்பி எடுத்த கதைக்குள்ளேயே முள் இருக்கிறது. பல நல்லிணக்கக் கூட்டங்கள் இந்தத் தாளை மட்டும் எடுத்துவிட்டு, விருந்தோம்பல், அன்பு, அயலான் என்ற தாள்களோடு நின்றுவிடுவது இதனால்தான்.

அதற்குக் கருணையான காரணமும் உண்டு. அடிபட்டவரை அழைத்து உட்காரவைத்து, அடித்த கோலை அவர் முன் எடுத்துக் காட்டுவது என்ன அறம்? முதலில் நட்பு வளரட்டும், கடின வசனங்கள் பிறகு வரட்டும் என்பார்கள். முதல் கூட்டத்திலேயே யாரும் அதைத் தொடவேண்டியதில்லை, சரி. ஆனால் அந்தப் ‘பிறகு’ வராமலே போகிற குழுக்களில் நட்பு இருக்கும், ஆறுதல் இருக்கும். காயம் அங்கே பேசப்படவே இல்லை. வெளியே அந்த வசனத்தைக் கையிலெடுக்க ஆள் காத்திருக்கிறான். குழு அதைப் படிக்க மறுத்தால், அதற்குப் பொருள் சொல்பவன் அவன் மட்டுமாகிவிடுகிறான்.

கடின வசனத்தை நேர்நின்று வாசித்து ஒரு பெரும் சமயமே திருந்தியதற்கு நம் காலத்துக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. பிலாத்துவின் முன் நின்ற கூட்டம் இயேசுவின் இரத்தப்பழியைத் தன்மேலும் தன் பிள்ளைகள்மேலும் ஏற்பதாக மத்தேயுவின் 27ஆம் அதிகாரத்தில் ஓர் இடம் வருகிறது. அதை வைத்து நூற்றாண்டுக் கணக்கில் யூதர் அனைவர்மேலும் பழி சுமத்தப்பட்டது. பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர் ழூல் இசாக்கின் மனைவியும் மகளும் 1943இல் கைதாகி ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். அவர் அந்தக் காலத்தில் செய்தது, நற்செய்தி நூல்களை வரிவரியாகப் படித்து, அவற்றில் இருப்பதையும் திருச்சபை போதித்துவந்ததையும் ஒப்புநோக்கியது. அந்த நூல் 1948இல் வெளிவந்தது. 1947இல் சுவிட்சர்லாந்தின் சீலிஸ்பெர்க்கில் கூடிய யூதரும் கிறிஸ்தவரும் வெளியிட்ட பத்து அம்சங்களிலும் அவர் உழைப்பு இருந்தது. 1960 ஜூனில் போப் 23ஆம் ஜானைச் சந்தித்து முறையிட்டார். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் மரணத்துக்காக அன்றைய யூதர் அனைவர்மேலும், இன்றைய யூதர்மேலும் பழி சுமத்தக்கூடாது என்று அறிவித்தது. இசாக் 1963இலேயே இறந்துவிட்டிருந்தார்.

மத்தேயுவில் ஒரு வரிகூட நீக்கப்படவில்லை. வாசிப்புதான் மாறியது. ஆனால் இந்த வரலாற்றில் நெஞ்சை உறுத்தும் ஒன்று இருக்கிறது. அந்த உழைப்பு யாருடையது? மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவர்தான், பறித்தவர்கள் வளர்ந்த சமயத்தின் நூலை உட்கார்ந்து படித்துத் தவறைச் சுட்டவேண்டியிருந்தது. நூலுக்கு உரியவர்களில் பெரும்பாலோர் அவர் வரும்வரை அதைச் செய்யவில்லை.

ஆகவே கடின வசனத்தை வாசிக்கலாமா என்பதைவிட, அதை முதலில் எடுத்துவைக்கவேண்டியவர் யார் என்பதே அறக்கேள்வியாகத் தோன்றுகிறது. மத்தேயுவின் அந்த இடத்தைக் கிறிஸ்தவர் எடுத்துவைக்கவேண்டும். அதன் பெயரால் நடந்ததை அவரே சொல்லவேண்டும். அமலேக்குப் பகுதியை யூதர் எடுத்துவைக்கட்டும். சனகெரிப் அரசன் படையெடுத்து இனங்களையெல்லாம் கலந்துவிட்டான், பழைய இனம் எதையும் இன்று அடையாளம் காண முடியாது என்ற ரபிகளின் வாதத்தையும், அந்த வாதம் ஹெப்ரோனில் கொலையை ஏன் தடுக்கவில்லை என்பதையும் அவரே பேசட்டும். இணைவைப்போரைக் கண்ட இடத்தில் கொல்லச் சொல்லும், குர்ஆனின் ஒன்பதாம் சூராவின் ஐந்தாம் வசனத்தை இஸ்லாமியர் எடுத்துவைக்கட்டும். அது உடன்படிக்கையை முறித்தவர்களோடான போர்ச்சூழலில் வந்தது, அடைக்கலம் கேட்பவனைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்கச் சொல்வதுதான் அடுத்த வசனம் என்று அவர் சொல்லலாம். அதோடு நிறுத்தாமல், அந்த அடுத்த வசனத்தை மறைத்துவிட்டு முந்தையதை முழங்குகிறவர்கள் தம் சமூகத்திலேயே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அடுத்தவர் நூலில் குற்றம் தேடிக் கொண்டுவருவது பழைய சண்டையின் தொடர்ச்சிதான்.

இப்படிக் கூடி உட்காருவதையே வேண்டாம் என்ற பெரியவர்களும் உண்டு. அமெரிக்க ஆசார யூதர்களின் தலைவரான ஜோசப் சொலவேச்சிக் 1964இல் எழுதிய கட்டுரையில், சமூக நன்மைக்காகச் சமயங்கள் கைகோக்கலாம், ஆனால் நம்பிக்கையின் அந்தரங்கத்தைப் பேரம்பேசும் மேசைக்குக் கொண்டுவரக்கூடாது என்று வாதிட்டார். சிறுபான்மை பெரும்பான்மையோடு உட்காரும்போது, நாகரிகத்தின் பெயரால் விட்டுக்கொடுக்க நேர்வது சிறுபான்மைக்குத்தான் என்ற அச்சம் அதில் இருந்தது. அந்த அச்சத்தைக் குறுகிய மனம் என்று தள்ளுவது அநியாயம். அதே ஆண்டில் இன்னொரு ரபியான ஆபிரகாம் யோசுவா ஹெஷல் ரோமுக்குப் போய்ப் போப்பையே சந்தித்து வாதாடினார். அதற்கும் பலன் இருந்தது. இருவரும் ஒரே காயத்தைக் கண்டவர்கள்தான். இதிலிருந்து பெறவேண்டியது ஒன்று: வர மறுக்கிறவரை யாரும் வெறுப்பாளர் என்று முத்திரை குத்தக்கூடாது.

ஹெப்ரோனின் பாலஸ்தீனர் ஒருவர் வர மறுத்தால் அவருக்கும் அந்த உரிமை உண்டு. 1994 கொலைகளுக்குப் பிறகு அந்தத் தலம் தடுப்புவைத்துப் பிரிக்கப்பட்டது. இரு சமூகத்துக்கும் ஆண்டில் பத்துப் பத்து நாள் மட்டும் முழு இடமும் கிடைக்கிறது. பிரிக்கப்பட்ட அந்தப் பள்ளிவாசலுக்குச் சோதனைச் சாவடி தாண்டிப் போய்த் தொழுகிறவரிடம், ‘வாருங்கள், ஆபிரகாமின் விருந்தோம்பலை வாசிப்போம்’ என்றால், ‘சாவடியைப் பற்றி எப்போது பேசுவோம்?’ என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு இடமில்லாத வட்டம் அவருக்கு உதவாது. நிலம், சட்டம், துப்பாக்கி ஆகியவற்றின் கணக்கை வாசிப்பு தீர்க்காது. தீர்ப்பதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது.

அது செய்யக்கூடிய வேலை இன்னொரு இடத்தில் இருக்கிறது. புனித வெள்ளியன்று யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. யூதர், யூதர் என்று அது திரும்பத் திரும்பச் சொல்கிறது. கூட்டு வாசிப்பில் உட்கார்ந்து வந்த போதகர் அன்றைய பிரசங்கத்தில் அதற்குச் சில நிமிடமாவது ஒதுக்கவேண்டும். பூரிமுக்கு முந்தைய சனிக்கிழமை அந்த ரபியும், ஒரு ஜும்ஆ உரையில் அந்த இமாமும் தங்கள் பகுதியைப் பற்றிப் பேசவேண்டும். அங்கே விருந்தினர் எவரும் இருக்கமாட்டார்கள். நன்றி சொல்ல ஆளிருக்காது. பின்வரிசையிலிருந்து முணுமுணுப்பு எழும், சிலர் எழுந்தும் போகக்கூடும்.