வசந்தத்தின் கடன்

மாசி முடியுமுன்னரே பெங்களூரின் பிரேசர் டவுன் வீதிகளில் புங்க மரங்கள் பழைய இலைகளை உதிர்த்துத் தளிர்க்கத் தொடங்குகின்றன. குளிரில் ஒடுங்கிக் கிடந்த தெரு மீண்டும் பேச்சொலி பெறுகிறது. விரைந்து நடப்பவரும் ஒருகணம் நிமிர்ந்து பார்க்கிறார்.

இம்மகிழ்ச்சி யாருக்குக் கடன்பட்டது? 1898இல் பிளேக் நோய் இந்நகரைச் சூறையாடியது. நெரிசலான குடியிருப்புகளில் மாண்டோர் பலர். அத்துயரத்திற்குப் பின், காற்றும் வெளிச்சமும் புகுமாறு திட்டமிட்டு எழுப்பப்பட்டதே இப்பேட்டை. 1908இல் லால்பாக் பணிக்கு வந்த ஜெர்மானியர் கிரும்பிகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் வேறொன்று பூக்குமாறு நகரச் சாலைகளுக்கு மரங்களைத் தேர்ந்தார். நட்டவர் அந்நிழலை முழுதும் அனுபவிப்பது அரிது. பலன் கருதாத வினை என்று அதைப் போற்றுவது எளிது. போற்றியதோடு கடன் தீர்ந்ததாக எண்ணுவது அதனினும் எளிது.

பங்குனியில் புங்கம்பூ பொரியெனத் தரையெங்கும் கொட்டுகிறது. விடியுமுன் தெருக்கூட்டும் பெண்ணுக்கு வசந்தம் என்பது மேலும் சில கூடைச் சுமை. பூவின் அழகைப் பாடுவோர் அவரிடம் ஒரு சொல் பேசியதுண்டா? தலைமுறைகளுக்கு முன் மறைந்தவருக்கு நன்றி சொல்லும் நெஞ்சு, வாசலில் நிற்பவரைக் காணத் தயங்குவது ஏன்?

அவர் கூட்டி முடித்த இடத்தில், அடுத்த காற்றுக்கு மீண்டும் பூ விழுகிறது.