அன்னமிட்ட கையை நினைவோம்



தில்லி மாநகரின் தென்பகுதியில், சீனிவாசபுரிக்கு அருகே பாகாபூர்ப் பாறையொன்றில், அசோகப் பெருமன்னரின் சிறு பாறைச் சாசனம் 1966-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. முயற்சியின் பயன் உயர்ந்தோர்க்கு மட்டும் உரியதன்று. எளியவனும் ஊக்கத்துடன் முயன்றால் பெரும்பேறு எய்தலாம் என்பது அதில் கண்ட கருத்து. ஆட்சிமன்றங்கள் நிறைந்த இந்நகரில் வாழும் நாம் இதனை மறத்தலாகாது. எளியவர் எவ்வாறு உயர்வர் என்பதற்குச் சான்றாக, நம் தமிழகத்து உணவுக்கடைக்காரர் ஒருவரை இன்று நினைவுகூர்வோம்.

மதுரை அண்ணா பேருந்து நிலையத்தின் அருகே 1967-ஆம் ஆண்டில் சிறு உணவுக்கடை ஒன்று தொடங்கப்பெற்றது. அதனைத் தம் மனைவியாருடன் நடத்தியவரை ஊரார் 'இராமு தாத்தா' என்று அன்புடன் அழைத்தனர். தொடக்கத்தில் ஒரு சாப்பாட்டின் விலை ஒன்றேகால் ரூபாய். அரை நூற்றாண்டு கடந்தும் அவர் கேட்டது பத்து ரூபாயே. அரிசியும் பருப்பும் விறகும் பன்மடங்கு விலையேறிய காலத்திலும் அவர் இலையின் விலை பத்து ரூபாயைத் தாண்டவில்லை. கூலியாட்களும், பக்கத்து அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருந்தோரும் அங்கே உண்டு பசியாறினர். 2020-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தொண்ணூறு கடந்த முதுமையில், அவர் மறைந்தார்.

அவர் நம் சங்கத்தைச் சேர்ந்தவரல்லர். வள்ளலார் நெறியில் பற்றுக்கொண்டவர். அவரைப் பௌத்தர்களாகிய நாம் ஏன் போற்ற வேண்டும் என்று சிலர் வினவலாம். செயலுக்கு உயிர் சேதனை, அதாவது எண்ணம், என்பது பகவன் புத்தரின் போதனை. எண்ணத்திற்குச் சமய முத்திரை ஏது? அன்னமிடுவோன் ஐந்தனை அளிக்கிறான் என்று பகவர் அருளினார்: ஆயுள், எழில், இன்பம், வலிமை, மதிநுட்பம். கொடுத்தவனும் அவ்வைந்தையே அடைகிறான்.

இந்தத் தானத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. முற்றிலும் இலவசமாக இட்டால் ஏற்பவன் தலை தாழக்கூடும். பத்து ரூபாய் கொடுத்து உண்பவனோ நிமிர்ந்து அமர்கிறான். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுங்கள் என்று உரிமையோடு கேட்கிறான். பசியோடு மானத்தையும் காத்த தானம் அது. தேநீர்க்கடையில் தனிக்குவளை வைத்து நம் முன்னோரை இழிவுபடுத்திய நாட்டில், மானத்தோடு உண்பதன் அருமையை நம்மைவிட அறிந்தவர் யார்?

இங்கே ஒரு கடினமான கேள்வியையும் நாம் ஒதுக்கிவிடலாகாது. பிழைப்புத் தேடித் தலைநகர் வந்த நம்மவருள் சிலர் உணவுச்சாலைகளில் பரிமாறுகின்றனர். சிலருக்கு மதுக்கூடத்திலேயே வேலை கிடைக்கிறது. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிபத்தையும் உபாசகர் விலக்கவேண்டும் என்பது பகவரின் கட்டளை. மதுக்கோப்பையை ஏந்துபவர் அவ்வாணிபத்தின் முதலாளியல்லர். ஆயினும் அவ்வேலையிலேயே மன அமைதி கண்டு நின்றுவிடுதல் நன்றன்று. வேறு வழி தேடவேண்டும். அவ்வழியைத் திறந்துவிடுவது சங்கத்தாராகிய நம் அனைவரின் கடமை.

அத்தகையோரை இகழ நமக்கு உரிமையில்லை. சரகானி என்னும் சாக்கியர் இறந்தபோது, அவர் நற்கதியடைந்தார் எனத் ததாகதர் அறிவித்தார். "அவர் மது அருந்தியவராயிற்றே!" என்று சாக்கியர் பலர் முணுமுணுத்தனர். மும்மணிகளிடம் நெடுநாள் சரணம் புகுந்தவர் எவ்வாறு தாழ்கதி அடைவார் என்று பகவர் மகாநாமருக்கு விளக்கினார். சரகானி மரணவேளையில் பயிற்சியை ஏற்றுக்கொண்டார் என்பதையும் உரைத்தார். இது குடிக்கு அனுமதியன்று. மனிதனைக் கைவிடாதீர் என்னும் அருளுரை.

ஆதலின் அன்பர்களே, வரும் பௌர்ணமி உபோசத நாளில் நாம் மூன்று செயல்களைக் கைக்கொள்வோம். மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் ஒருவருக்கேனும் உணவளிப்போம். நமக்குப் பரிமாறுபவரை ஏவலாளாக எண்ணாமல் இன்சொல் கூறுவோம். மதுக்கூடத்தில் உழலும் ஓர் இளைஞருக்கேனும் வேறு தொழில் கிட்ட உதவுவோம். அப்புண்ணியத்தை, நமக்கு அன்னமிட்டு மறைந்த எல்லா எளியோர்க்கும் அனுமோதனையாக அர்ப்பணிப்போம்.

எல்லா உயிர்களும் நலமுறுக!