எந்த வண்ணம் உண்மை?

பழுதுற்ற பொருளைப் புதுப்பிப்பது நற்செயல் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. இடிந்த ஆலயத்தை எடுத்துக் கட்டுகிறோம். செல்லரித்த ஏட்டைப் படியெடுக்கிறோம். கால் ஒடிந்த நாற்காலியையும் தச்சரிடம் கொடுத்துச் சீராக்குகிறோம். எனினும், புதுப்பிக்கும்போது உண்மையில் எதை மீட்கிறோம் என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. பொருளின் பழைய உருவத்தையா? அதன் பழைய பணியையா? அன்றி, அதன் பழைய அதிகாரத்தையா? இம்மூன்றும் ஒன்றல்ல என்பதைச் சங்கரன்கோவில் பகுதியிலுள்ள குருவிகுளத்தில், தகரக் கொட்டகை ஒன்றின் கீழ் நின்றிருந்த பழைய இராணுவ லாரி ஒன்று நமக்கு உணர்த்தியது.

கரிசல் மண்ணும் வானம் பார்த்த விவசாயமும் கொண்ட அவ்வூரில், படையில் ஓட்டுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வாழ்கிறார். ஓய்வுக்காலத்தில் சிலர் தோட்டம் போடுவர். சிலர் அஞ்சல்தலை சேர்ப்பர். அவரோ லாரி ஒன்றைப் பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டு வந்தார். அது 'சக்திமான்' வகையைச் சேர்ந்தது. மேற்கு ஜெர்மனியின் மான் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 1959 முதல் ஜபல்பூரில் நம் படைகளுக்கென உருவான வாகனம். 1971 ஆம் ஆண்டுப் போரில் வீரர்களையும் உணவையும் தோட்டாக்களையும் சுமந்தவை இத்தகைய லாரிகளே. படை ஏலத்தில் கழித்துவிட்ட பின், இந்த லாரி பல கைகள் மாறி, கல்குவாரியில் உழைத்து, இறுதியில் துண்டாடப்படும் நாளுக்காகக் காத்திருந்தது. "இந்த வகை வண்டியில்தான் ஐயா நான் ஓட்டப் பழகினேன். இதை வெட்டி எடைக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை" என்றார் அவர்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் அதனோடு போராடினார். வண்ணம் பூசுவது எளிது. பூசுவதற்கு முன் செய்ய வேண்டியதே கடினம். துருவின் மீது வண்ணம் பூசினால் அது நிலைக்காது. இரும்பு துருவாகும்போது முன்னைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகவே மேலே பூசிய பளபளப்பை உள்ளிருந்தே உப்பச் செய்து உரித்துவிடுகிறது. எனவே இரும்புத் தூரிகையாலும் உப்புத்தாளாலும் துருவைச் சுரண்டி, அரித்துப்போன தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்து, ரெட் ஆக்சைடு பூசி, பள்ளங்களைப் பட்டியால் நிரப்பித் தேய்த்த பின்னரே வண்ணத்திற்கு வர இயலும். அப்படிச் சுரண்டுகையில் குவாரிக்காரரின் மஞ்சள் முதலில் வந்தது. அதன் கீழ் வேறொருவர் பூசிய நீலம். அதற்கும் கீழே, இரும்பை ஒட்டி, படையின் ஆலிவ் பச்சை. "அதைக் கண்டதும் பழைய தோழனின் முகத்தைக் கண்டதுபோல் இருந்தது" என்றார் பெரியவர். அந்தப் பச்சையையே அச்சுப் பிசகாமல் மீண்டும் லாரி முழுவதும் பூசினார்.

வண்ணம் காய்ந்த சில நாள்களில் ஆகஸ்ட் 15 வந்தது. நாட்டின் விடுதலைத் திருநாளும் அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவும் ஒருசேர வரும் நாள் அது. காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருத்தலத்திற்கு நடைப்பயணமாகச் செல்வோர் அதற்கு முந்திய நாள்களில் சாலைகளில் திரளுவர். அவர்களுக்குக் குடிநீர் வழங்கவென்றே லாரியில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு பெரியவர் புறப்பட்டார். அவரது அழைப்பின் பேரில் நாமும் உடன் சென்றோம். சிறுவர்கள் கைதட்டினர், இளைஞர்கள் லாரிமுன் நின்று படம் எடுத்துக்கொண்டனர். ஒரு பெண்மணி மட்டும், லாரி நெருங்கியதும் தம் மகளின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு சாலையிலிருந்து இறங்கி, வேப்பமரம் ஒன்றின் பின்னே ஒதுங்கி நின்றார். தண்ணீர் தருகிறோம் என்று கூப்பிட்டும் வரவில்லை. அவர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமைச் சேர்ந்தவர் என்றும், 1990இல் சிறுமியாகப் படகேறி வந்தவர் என்றும் உடன் நடந்தவர்கள் கூறினர். பச்சை லாரி ஊருக்குள் நுழைந்தால் என்ன நேரும் என்பதைப் பிள்ளைப்பருவத்திலேயே கற்றவர் அவர். இது எந்த நாட்டின், எந்தப் படையின் லாரி என்று அச்சம் நின்று விசாரிப்பதில்லை.

விழா முடிந்து திரும்பிய பின், விவரம் அறிந்த நண்பர் ஒருவர் பெரியவரிடம் வேறொரு செய்தியைச் சொன்னார். 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121 ஆம் விதி, பாதுகாப்புத் துறைக்கு உரிய வாகனங்கள் தவிர வேறெந்த வாகனத்திற்கும் ஆலிவ் பச்சை வண்ணம் பூசலாகாது என்கிறது. பெரியவர் மனம் நொந்தார். "இது பிறந்தபோதே இருந்த வண்ணம் அல்லவா ஐயா? மஞ்சள் பூசினால் உண்மையாம், பச்சை பூசினால் குற்றமாம். இது என்ன நியாயம்?" என்று கேட்டார்.

அவரது வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தீசியசின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் எழுதியுள்ளதை நம்முள் சிலர் அறிந்திருப்போம். உளுத்த பலகைகளை ஏதென்ஸ் மக்கள் ஒவ்வொன்றாக மாற்றி வந்தனர். முடிவில் அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டனர். ஆனால் குருவிகுளத்து லாரி எழுப்பும் வினா அதனினும் ஒரு படி மேற்செல்கிறது. பலகை பொய் சொல்வதில்லை, வண்ணமோ பேசுகிறது. நம் சட்டமே இவ்வேறுபாட்டை உணர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. 50 ஆண்டுகளைக் கடந்த பழம்பெரும் வாகனங்களுக்கென 2021இல் சேர்க்கப்பட்ட விதிகள், அடிச்சட்டமும் உடற்கூடும் எஞ்சினும் மாற்றப்படாமல் மூல வடிவிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. பழைய உடலைக் காப்பாற்றச் சொல்லும் அதே சட்டம், படையின் வண்ணத்தை மட்டும் விலக்குகிறது. ஏனெனில் உடல், 'நான் இன்னது' என்கிறது. படையின் பச்சையோ, 'எனக்கு வழி விடு' என்கிறது. அரசின் ஆணையோடு ஓடிய காலத்தில் அப்பேச்சு மெய். அவ்வாணை நீங்கிய பின் அதே பேச்சு பொய். வண்ணம் மாறவில்லை, அதைத் தாங்கி நின்ற உரிமை மாறிவிட்டது.

பச்சை என்றாலே கொடுமை என்று நாம் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வெள்ளத்தில் சிக்கியோரை மீட்கப் படையினரும் வந்தனர். அவர்களைக் கண்டு கைகூப்பியோருக்குப் பச்சை என்பது உயிர் காத்த வண்ணம். ஒருவருக்கு மீட்பாகவும் மற்றொருவருக்கு நடுக்கமாகவும் ஒரே வண்ணம் இருக்கிறதென்றால், அதைப் பொழுதுபோக்காகக் கையில் எடுப்பவர் தம் நினைவை மட்டும் அளவுகோலாகக் கொள்ளலாமா? பழையதைப் போற்றும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அந்தப் பழையதில் பிறர் பட்ட காயமும் ஒரு பங்கு. அதைத் தள்ளிவிட்டு நம் பெருமையை மட்டும் மீட்பது அரைகுறைப் புதுப்பித்தலே ஆகும்.

பிலிப்பைன்ஸ் மக்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிந்தபோது அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, கூரை வேய்ந்து, பயணிகள் ஊர்தியாக்கினர். அவையே ஜீப்னிகள். போரின் பச்சை மறைந்து, சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஏறின. புனிதர்களின் உருவங்களும் பிள்ளைகளின் பெயர்களும் இடம்பெற்றன. உடல் போர்க்களத்தது, பணியோ சந்தைக்கும் பள்ளிக்கும் செல்வோரைச் சுமப்பது. வாள் கொழுவாக மாறும் நாளை எசாயா கனவு கண்டார். ஆயினும் யோவேல் நூலில் அவ்வுருவகம் தலைகீழாகி, கொழுவே வாளாகிறது என்பதையும் நாம் மறத்தலாகாது. இரும்பு இரண்டுக்கும் இணங்கும். எந்தத் திசையில் அதைத் திருப்புகிறோம் என்பதே நம் கையில் உள்ளது.

இவற்றையெல்லாம் நாம் பேசி முடித்தபோது பெரியவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "சட்டம் சொன்னபோது கோபம்தான் வந்தது ஐயா. மரத்துக்குப் பின்னால் நின்ற அந்த அம்மாவை நினைத்தால் கோபம் வரவில்லை. தாகத்தோடு நடந்தவர், என் தண்ணீரைக் குடிக்கவில்லையே" என்றார். நம் வாதங்கள் செய்யாததை அந்த நினைவு செய்திருந்தது.

லாரி இப்போது வான்நீல வண்ணத்தில் நிற்கிறது. ஓட்டுநர் அறைக் கதவின் உட்புறத்தில் மட்டும் உள்ளங்கை அளவு இடத்தை அவர் பூசாமல் விட்டிருக்கிறார். மஞ்சள், நீலம், பழைய பச்சை, அடியில் வெற்று இரும்பு என ஒவ்வோர் அடுக்கும் அங்கே படிப்படியாகத் தெரிகிறது. பழம்பொருள்களைப் பேணுவோர் இவ்வாறு சிறு சாளரம் விட்டுவைப்பது வழக்கமே. வெளியே செல்வோரை அது அச்சுறுத்துவதில்லை. கதவைத் திறந்து கேட்போரிடம் எதையும் மறைப்பதுமில்லை.

நம்மில் பலரிடமும் இத்தகைய பழைய வண்ணங்கள் உண்டு. வகித்து முடிந்த பதவி, குடும்பத்தின் பழம்பெருமை, ஒரு காலத்தில் பிறர் நமக்கு அஞ்சிய அச்சம் ஆகியவற்றை அவ்வப்போது எடுத்துப் பூசிக்கொண்டு வீதிக்கு வருகிறோம். கைதட்டுவோரையே நம் கண் காண்கிறது. மரத்தின் பின்னே ஒதுங்கி நிற்பவரைக் காண்பதில்லை. கடந்த காலத்தை அழித்துவிட வேண்டியதில்லை. துருவின் மேல் பூசி மறைக்கவும் வேண்டாம். அதைச் சுரண்டி, உண்மையைக் கண்டு, கேட்பவருக்குக் காட்டுமளவு உள்ளே வைத்துக்கொண்டு, தாகத்தோடு நடப்பவர் அஞ்சாமல் அருகில் வரக்கூடிய வண்ணத்தை வெளியே பூசிக்கொள்வோம். அந்தப் பெண்மணி அடுத்த ஆண்டும் அவ்வழியே நடந்து வரக்கூடும். பெரியவர் பீப்பாய்களைக் கழுவி வைத்திருக்கிறார்.